பார் கோட்டுக்கு இந்தப் பக்கம்

மொஸார்ட்டின் பியானோ கான்செர்ட்டோக்களில், பியானோவின் பெரிய தனி வாசிப்பு முடிந்து ஆர்க்கெஸ்ட்ரா மறுபடி நுழைவதற்குச் சற்று முன்னால், பெரும்பாலும் ஒரு நீண்ட ட்ரில் காத்திருக்கும். சி மேஜரில் முடிகிற இடம் என்றால் வலது கை டி நோட்டுக்கும் அதற்கு மேல் நோட்டுக்கும் இடையே ஒரு பார் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும். பார் தீரப்போகும் தறுவாயில் சி, டி என்று இரண்டு சிறிய நோட்டுகளைத் தொட்டுவிட்டு, அடுத்த பாரின் முதல் அடியில் சி-யில் வந்து இறங்கும். கேட்பவர் காதில் அந்த இரண்டும் தனியாகப் பதிவதுகூட இல்லை. அவை இல்லாவிட்டால்தான் ஏதோ குறைவது தெரியும். அந்த இரண்டு நோட்டுகளைத் தாளில் உரிய இடத்தில் உட்காரவைப்பது என் பிழைப்பில் ஒரு கணிசமான பகுதி.

நான் செய்வது ஸ்டாஃப் நொட்டேஷனைக் கணினியில் ஏற்றி அச்சுக்குத் தயார் செய்யும் வேலை. கையால் எழுதிய ஸ்கோரைப் படம் பிடித்து அனுப்புவார்கள். திரைப்படத்துக்கு எழுதுகிறவர்கள், தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர்கள், மாணவர்களுக்குப் பயிற்சித் தொகுப்பு போடும் பியானோ ஆசிரியைகள், வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் என்று பலதரப்பட்டவர்கள். முழு ஸ்கோரையும், அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனியாகப் பிரித்த பார்ட்டுகளையும் நான் திருப்பி அனுப்ப வேண்டும். பெரிய நோட்டுகளைப் போடுவது யாருக்கும் சில மாதங்களில் கைவந்துவிடும். கிரேஸ் நோட் எனப்படும் இந்தச் சிறிய நோட்டுகளில்தான் தொழில் தெரியும்.

கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வயலின் வரிசையின் பார்ட்டுகளைக் கையால் படியெடுத்துக் கொடுத்துவந்த ஒரு பெரியவரிடம்தான் நான் பேனா பிடிக்கக் கற்றேன். கிரேஸ் நோட் என்று அவர் சொல்லமாட்டார். பொடி நோட் என்பார். யாரோ எழுதிய ஒரு படி அவர் கைக்கு வந்தபோது, ட்ரில்லை முடிக்கும் இரண்டு பொடி நோட்டுகளும் பார் கோட்டைத் தாண்டி அடுத்த பாருக்குள் நின்றன. விரலை வைத்துக் காட்டினார்.

“தம்பி, இது ரெண்டும் யார் வீட்டுப் பிள்ளைங்க?”

“ட்ரில்லோடதுதான், மாஸ்டர்.”

“அப்புறம் ஏன் பக்கத்து வீட்டு வாசல்ல நிக்குது?”

கையால் எழுதும்போது இதற்குப் பதில் சுலபம். கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுதினால் தீர்ந்தது. பழைய ஐரோப்பிய அச்சகங்களில் தகட்டில் நோட்டுகளைக் கண்ணாடிப் பிம்பமாக, எஃகு அச்சுளியால் தட்டித் தட்டிப் பதித்த தொழிலாளிக்கும் அது சுலபம்தான். சின்னத் தலைக்கான சின்ன அச்சுளியை எடுத்து, இடம் பார்த்து ஒரு தட்டு. அந்த நோட் எதைச் சேர்ந்தது என்று தகடு கேட்பதில்லை. கணினி கேட்கிறது.

மென்பொருளுக்கு ஒவ்வொரு பாரும் ஒரு கூட்டல் கணக்கு. நான்கு க்ரோட்செட் என்றால் நான்கு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கிரேஸ் நோட்டுக்கு அந்தக் கணக்கில் மாத்திரை கிடையாது. மாத்திரை இல்லாத ஒன்றுக்குத் தனியாக நிற்க இடமும் கிடையாது. ஏதாவது ஒரு பெரிய நோட்டோடு அதை ஒட்டித்தான் ஆகவேண்டும். இந்த மென்பொருள்களை எழுதியவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்கள்: கிரேஸ் நோட் எப்போதும் அதற்கு அடுத்து வரும் நோட்டைச் சேர்ந்தது. பத்தில் ஒன்பது இடங்களில் அது சரியான முடிவுதான். ட்ரில்லின் முடிப்பு மிச்சமிருக்கும் பத்தாவது இடம். அது முன்னால் ஒலித்துக்கொண்டிருக்கும் நோட்டைச் சேர்ந்தது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். ட்ரில் உள்ள பார் ஒரு வரியின் கடைசியில் வந்து விழட்டும். முடிப்பு நோட்டுகள் அடுத்த நோட்டைச் சேர்ந்தவை என்று மென்பொருள் நினைத்தால், அவற்றையும் அடுத்த வரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். ட்ரில் மேல் வரியில். அதன் முடிப்பு கீழ் வரியில், கிளெஃப், கீ சிக்னேச்சர் எல்லாம் தாண்டி. இன்னும் மோசம், அந்த வரி பக்கத்தின் கடைசி வரியாக இருந்தால். வயலின் வாசிப்பவர் ட்ரில் போட்டுக்கொண்டே பக்கத்தைத் திருப்பி, அந்தப் பக்கத்தில் தொடக்கத்திலேயே இரண்டு பொடி நோட்டுகளைப் பார்ப்பார். அவை எதற்கு முடிப்பு என்று யோசிக்க அவருக்கு நேரம் இருக்காது. ஒன்று விட்டுவிடுவார், இல்லையென்றால் முதல் அடியின் மேலேயே வாசித்து, ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து இறங்கவேண்டியவர் ஒரு நூல் பிந்தி இறங்குவார்.

இதற்குப் பல பேர் கண்டுபிடித்த வழி, மவுஸால் இழுப்பது. கிரேஸ் நோட்டை அடுத்த பாரில் போட்டுவிட்டு, பிடித்து, இடது பக்கமாகக் கோட்டைத் தாண்டி இழுத்து வைத்துவிடுவார்கள். திரையில் பார்த்தால் அப்பழுக்கில்லாமல் இருக்கும். காகிதத்தில் ஒரு தடவை அடித்தாலும் இருக்கும். பிறகு ஸ்கோரிலிருந்து பார்ட்டைப் பிரிப்பார்கள். ஸ்கோரில் இருபது வரிகளுக்கும் சேர்த்து அகலமாக இருந்த பார், தனிப் பார்ட்டில் பாதியாகச் சுருங்கும். இழுத்த தூரம் மட்டும் சுருங்காமல் அப்படியே வரும். பொடி நோட்டுகள் போய் ட்ரில் நோட்டின் தலைமேல் ஏறி நிற்கும், அல்லது பார் கோடே அவற்றின் நடுவில் ஊடுருவும். இசையமைப்பாளர் நடுவில் இரண்டு பார்களை வெட்டச் சொன்னால் வரிகள் எல்லாம் நகர்ந்து, இழுத்து வைத்தவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நிற்கும். இழுப்பதை நான் ஒரு தீர்வாகவே மதிப்பதில்லை. கண்ணுக்குச் சரியாக இருப்பது வேறு, கோப்புக்குள் சரியாக இருப்பது வேறு. என் வேலையில் இரண்டாவதுக்குத்தான் கூலி.

ஒவ்வொரு மென்பொருளும் இந்தச் சிக்கலை ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. ஸ்டான்ஃபோர்டில் லேலண்ட் ஸ்மித் உருவாக்கிய ‘ஸ்கோர்’ என்ற பழைய நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் எண்களால் இடம் குறிப்பார்கள்: எந்த வரி, இடமிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம். நோட் எதைச் சேர்ந்தது என்ற பேச்சே இல்லை. தகட்டு வேலையின் மனப்பான்மை அப்படியே கணினிக்கு வந்த மாதிரி. நான் அதில் வேலை செய்ததில்லை, செய்த பக்கங்களைப் பார்த்திருக்கிறேன், பொறாமைப்படும்படி இருக்கும். இன்று மியூஸ்ஸ்கோரின் இசை எழுத்துருவுக்கு அவருடைய பெயர்தான்.

அந்த மியூஸ்ஸ்கோர் இலவசமாகக் கிடைப்பது. அதில் ‘பின்னால் வரும் கிரேஸ் நோட்’ என்று தனி வகையே உண்டு. ட்ரில் நோட்டைத் தேர்ந்தெடுத்து, செமிகுவேவர் அளவில் அதை இரண்டு முறை சேர்த்தால் இரண்டு நோட்டுகள் பாருக்குள்ளேயே, கோட்டுக்கு இந்தப் பக்கமே வந்து உட்காரும். வரி உடைந்தாலும் ட்ரில்லை விட்டுப் போகாது. பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள்களில் நாங்கள் பட்ட பாட்டுக்கு அப்புறம் இதைப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது.

லில்லிபாண்ட் இன்னொரு தினுசு. 1996-இல் ஹான்-வென் நீன்ஹவுஸ், யான் நியூவென்ஹவ்சன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் தொடங்கியது. மவுஸுக்கு வேலை இல்லை. எழுத்தால் கட்டளை கொடுக்கவேண்டும். முடிப்பு நோட்டுகளுக்கென்றே ‘ஆஃப்டர்கிரேஸ்’ என்று ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு நுட்பம்: முன்னமைப்பில் அது பொடி நோட்டுகளைப் பெரிய நோட்டின் நீளத்தில் முக்கால் பங்கு கடந்த இடத்தில் வைக்கும். பார் முழுக்க நீளும் செமிபிரீவ் என்றால் அது சரியாக நான்காவது அடியின் தொடக்கம். கீழ் வரியில் இடது கை குவேவர்களாக ஓடிக்கொண்டிருந்தால், முடிப்பு நோட்டுகள் நான்காம் அடிக்கு நேர்மேலே நின்று, அங்கேயே வாசித்துவிட வேண்டும் என்பதுபோலத் தோற்றம் தரும். பின்னத்தை 15/16 என்று மாற்றினால் கோட்டை ஒட்டிப் போய் நிற்கும். நான் பெரிய நோட்டின் நீளத்தைப் பொறுத்து ஒவ்வொரு இடத்திலும் பின்னத்தைக் கையால் எழுதுகிறேன். சோம்பலுக்கு இடம் கொடுக்காத மென்பொருள் அது. பல வரிகள் உள்ள ஸ்கோரில் ஒரே ஒரு வரியில் மட்டும் பாரின் தொடக்கத்தில் கிரேஸ் நோட் இருந்தால், மற்ற வரிகளோடு கால ஒழுங்கு பிசகி, கிளெஃப்போ பார் கோடோ எதிர்பாராத இடத்தில் முளைக்கும். மற்ற வரிகளிலும் கண்ணுக்குத் தெரியாத கிரேஸ் இடைவெளி ஒன்றைச் சொருகினால்தான் அடங்கும்.

டோரிக்கோ 2016-இல் ஸ்டைன்பெர்க் வெளியிட்டது. முன்பு லண்டனில் சிபேலியஸ் என்ற மென்பொருளை உருவாக்கியவர்களில் பலர், டேனியல் ஸ்ப்ரெட்பரியின் தலைமையில் போய் எழுதியது. கோட்பாட்டில் மிகச் சுத்தமான மென்பொருள். அதிலும் முடிப்பு நோட்டுகள் கணக்குப்படி அடுத்த பாரின் முதல் அடியைத்தான் சேர்ந்தவை. ‘பார் கோட்டுக்கு முன்னால் காட்டு’ என்ற தேர்வை இயக்கினால் இந்தப் பக்கம் வரைந்து காட்டும். இழுப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல், பார்ட்டில் பிசகாது. ஆனாலும் அந்தத் தேர்வு இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதால், எனக்குத் திருத்தத்துக்கு வரும் டோரிக்கோ கோப்புகளில் ட்ரில் முடிப்புகள் பெரும்பாலும் அடுத்த பாரில்தான் நிற்கின்றன.

குறுக்குக் கோடு பற்றி ஒரு வார்த்தை. கிரேஸ் நோட்டின் காம்பில் சாய்வாக ஒரு கோடு போட்டால் அது அச்சியாக்கத்தூரா, சுருக்கெனத் தொட்டுவிட்டுப் போவது. ட்ரில் முடிப்பில் அந்தக் கோட்டுக்கு வேலையில்லை. சில மென்பொருள்களில் முதலில் கைக்கு வரும் பொத்தான் குறுக்குக் கோடு போட்டதாக இருப்பதால் அது எல்லா இடத்திலும் ஏறிவிடுகிறது. மொஸார்ட் காலத்துக் கையெழுத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. தனியாக நிற்கும் செமிகுவேவரை, குவேவரின் மேல் ஒரு கோடு கீறி எழுதுவது அவர்கள் வழக்கம். கிரேஸ் நோட்டிலும் அப்படித்தான் எழுதினார்கள். அது வெறும் செமிகுவேவர் என்பதைத் தவிர வேறு பொருள் அதற்கில்லை. பின்னால் வந்த பதிப்பாளர்கள் அந்தக் கீறலை அச்சியாக்கத்தூரா என்று எடுத்து அச்சடித்ததால், இழைந்து வாசிக்கவேண்டியவை பல தலைமுறைகளாகச் சுருக்கென்று வாசிக்கப்பட்டன. மூலப்பிரதியின் படத்தோடு வேலை வந்தால் நான் முதலில் தேடுவது இந்தக் கீறல்களைத்தான்.

பாஹ் தன் மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்காக 1720-இல் தொடங்கிய பாடப் புத்தகத்தின் முன்னால் அலங்காரங்களுக்கு ஓர் அட்டவணை எழுதிவைத்தார். அதில் முடிப்போடு கூடிய ட்ரில்லுக்குத் தனிக் குறியே இருக்கிறது: நெளி கோட்டின் கடைசியில் நேர்குத்தாக ஒரு சிறு கோடு. ட்ரில்லும் முடிப்பும் ஒரே உருவம், பிரிக்க முடியாது. இன்னொரு மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1753-இல் வெளியிட்ட விசைப்பலகை நூலில், எந்த ட்ரில்லுக்கு முடிப்பு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று விலாவாரியாகப் பேசுகிறார்; எழுதப்படாத இடத்திலும் வாசிப்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டியவை உண்டு என்பது அவர் கட்சி. ஆகவே பழைய பிரதியில் முடிப்பு இல்லாத ட்ரில்லைக் கண்டால் நானாக எதையும் சேர்ப்பதில்லை. சேர்ப்பதா என்று தீர்மானிப்பது பதிப்பாசிரியரின் வேலை. அவர் சேர்த்தால் அடைப்புக்குறிக்குள் வைக்க எனக்குத் தெரியும்.

ட்ரில்லின் மேலே போடும் சின்ன ஷார்ப், ஃப்ளாட் குறிகள் இன்னொரு கண்ணி. சி மேஜர் ஸ்கோர். கேட்கும் சுருதியில் கிளாரினெட் டி-யில் ட்ரில் போடவேண்டும், மேல் நோட் ஈ ஃப்ளாட். ட்ரில் குறிக்கு மேல் ஒரு குட்டி ஃப்ளாட் போடுகிறோம். முடிப்பு நோட்டுகள் சி ஷார்ப், டி. பி ஃப்ளாட் கிளாரினெட் வாசிப்பவரின் பார்ட்டில் எல்லாவற்றையும் ஒரு முழு டோன் ஏற்றி எழுதவேண்டும். டி, ஈ ஆகும். சி ஷார்ப், டி ஷார்ப் ஆகும். இவற்றை எந்த மென்பொருளும் தானே மாற்றிவிடும். மேல் நோட்டான ஈ ஃப்ளாட், எஃப் ஆகிறது. ஆனால் அந்தப் பார்ட்டின் கீ டி மேஜர், அதில் எஃப் ஏற்கெனவே ஷார்ப். ஆகவே ட்ரில் குறிக்கு மேல் ஃப்ளாட் போய் நேச்சுரல் வரவேண்டும். அந்த ஃப்ளாட்டை யாராவது வெறும் படமாக, ஓர் எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால் அது மாறாது. பார்ட்டில் ஈ-யில் ட்ரில், மேலே எஃப் ஃப்ளாட் என்று நிற்கும். எஃப் ஃப்ளாட்டும் ஈ-யும் ஒரே ஒலி. ஒரு நோட்டை அதே நோட்டோடு அதிரவைக்கச் சொல்லும் அந்தப் பார்ட்டைப் பார்த்து கிளாரினெட்காரர்கள் சிரித்துவிட்டுத் தாங்களே சரியாக வாசித்துவிடுவார்கள். ஒத்திகையில் சிரிக்க நேரம் இருக்குமானால் பரவாயில்லை.

2024 ஆகஸ்டில் ஃபினாலே மென்பொருளை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று அதன் நிறுவனம் அறிவித்தது. 1988 முதல் புழக்கத்தில் இருந்த மென்பொருள். உலகமெங்கும் அதில் சேர்ந்துகிடக்கும் ஸ்கோர்களுக்குக் கணக்கில்லை. அதற்குப் பிறகு பழைய கோப்புகளை வேறு மென்பொருளுக்கு மாற்றித் தரும் வேலை எனக்கு நிறைய வரத் தொடங்கியது. இடையில் பாலமாக இருப்பது மியூசிக் எக்ஸ்எம்எல். அந்த வடிவத்தை வகுத்தவர்கள் ட்ரில்லை நன்றாக யோசித்திருக்கிறார்கள். கிரேஸ் நோட் தன் நேரத்தை முன்னால் உள்ள நோட்டிலிருந்து எடுக்கிறதா, பின்னால் உள்ளதிலிருந்து எடுக்கிறதா என்று எழுத அதில் இடம் உண்டு. ட்ரில் மேல் நோட்டில் தொடங்குகிறதா, பிரதான நோட்டிலா, கடைசியில் இரண்டு நோட் திருப்பம் உண்டா என்பதைக்கூட எழுதலாம். ஆனால் எழுதும் மென்பொருள் எழுதவேண்டும், படிக்கும் மென்பொருள் படிக்கவேண்டும். நடைமுறையில் இரண்டும் அபூர்வம். மவுஸால் இழுத்து வைத்த முடிப்புகள் பாலத்தைத் தாண்டும்போது இழுப்பு மறைந்து, அத்தனையும் தங்கள் பழைய இடத்துக்கு, அடுத்த பாரின் வாசலுக்குத் திரும்பியிருக்கும். அப்படி ஒரு முழு சிம்பனியைப் பார் பாராகப் பார்த்துத் திருத்தினேன். ட்ரில்லுக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொரு பொடி நோட்டும் முடிப்புத்தானா, அல்லது உண்மையிலேயே அடுத்த நோட்டின் முன்னோட்டமா என்று காதால் தீர்மானிக்கவேண்டியிருந்தது. எந்த நிரலும் இதைச் செய்து தராது. இசை தெரிந்த ஒருவர் உட்காரத்தான் வேண்டும்.

நம் ஊர்ப் பழைய முயற்சிகளை இந்த வேலையின் நடுவே நினைத்துக்கொள்வேன். 1890-களின் தொடக்கத்தில் சென்னையில் சின்னசாமி முதலியார் கர்நாடகக் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டார். 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அந்த வழியை விட்டு, ஸரிகம எழுத்துகளின் மேலும் கீழும் கமகக் குறிகளைப் போட்டது. அதில் ஓரிகை என்று ஒன்று: ஸ்வரத்தின் முடிவில் மேலே ஒரு சுண்டு சுண்டிவிட்டுக் கீழிறங்குவது. தனி நோட்டாக எழுதாமல், ஸ்வரத்தின் மேலேயே அடையாளமாக வைத்துவிட்டார். பாஹ் தன் அட்டவணையில் செய்ததும் அதுதான். குறி ஸ்வரத்தோடு இருக்கும்வரை அது யாருடையது என்ற வழக்கு எழுவதில்லை.

கணினி வாசித்துக் காட்டுவது தனித் தொல்லை. ஷோபான் ஒரு ட்ரில்லைப் பிரதான நோட்டில் தொடங்க விரும்பினால், அதே நோட்டைப் பொடி நோட்டாக முன்னால் எழுதுவது வழக்கம் என்பார்கள். இங்கிருந்து தொடங்கு என்பதற்கான சைகை அது, தனியாக வாசிப்பதற்கல்ல. மென்பொருள் விசுவாசமாகப் பொடி நோட்டை ஒருமுறை தட்டி, பிறகு ட்ரில்லையும் அதே நோட்டில் தொடங்கும். திக்குவது போலக் கேட்கும். வாடிக்கையாளர் அதைக் கேட்டுவிட்டு அந்தப் பொடி நோட்டை எடுத்துவிடச் சொல்வார். எடுக்கமாட்டேன், ஒலியை மட்டும் அணைத்துவைப்பேன்.

ஆகவே நான் அனுப்பும் ஒவ்வொரு கோப்போடும், கணினி வாசிப்பதை வைத்து அலங்காரங்களைத் தீர்மானிக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறேன். கூடவே சந்தேகங்களின் பட்டியல்: பார் எண், வாத்தியம், இந்தப் பொடி நோட் முன்னதைச் சேர்ந்ததா, பின்னதையா. பழைய கையெழுத்துப் பிரதிகளில் கை எங்கே இடம் கிடைத்ததோ அங்கே பொடி நோட்டைத் திணித்திருக்கும். பார் கோட்டை முதலில் போட்டுவிட்டு இடமில்லாமல் அந்தப் பக்கம் எழுதியவையும் உண்டு. அங்கே நிற்கிறது என்பதே சாட்சியாகாது. பட்டியலைப் பார்த்துச் சிலர் எரிச்சல்படுகிறார்கள். இளம் இசையமைப்பாளர் ஒருவர், ட்ரில்லின் முடிப்பு அடுத்த பாரின் முதல் அடியிலேயே ஒலிப்பதாகக் கணினி வாசித்தது தனக்குப் பிடித்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று பதில் எழுதினார். அப்படியானால் அவை பொடி நோட்டுகளே அல்ல. இரண்டையும் முழு அளவு டெமிசெமிகுவேவர்களாக மாற்றி, அடுத்த பாரின் மாத்திரைக் கணக்கில் சேர்த்து, அங்கே முதலில் இருந்த நோட்டின் நீளத்தை அதற்கேற்பக் குறைத்து அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்.